ஒன்றரையைத் தாண்டாத முள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காங்கேயத்தில் சொந்தமாகத் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் கற்றுக்கொள்ளத்தான் போனேன். குறுக்கே வந்த ஒரு சைக்கிள்காரனைத் திட்டுவதற்காக இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டேன். கார் நேராக ஒரு கள்ளி வேலிக்குள் போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ராசாத்தாள் இறங்கி, சேலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே, "இந்தக் கோவத்த வெச்சுட்டு நீங்க பின்னாடி உக்காருங்க, அதுதான் ஊருக்கு நல்லது" என்றாள். அன்றிலிருந்து பின்சீட்டுதான் என் இடம்.

முன்சீட்டுக்கு 1979-இல் மாரப்பன் வந்தான். தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதி ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. பதினான்கு வயதில் லாரி கிளீனர், இருபத்திரண்டில் லாரி டிரைவர். எங்கள் மில்லுக்குக் கொப்பரை ஏற்றி வந்த லாரியை அவன் பின்பக்கமாக வாசலுக்குள் விட்டதைப் பார்த்துவிட்டு, "நம்ம அம்பாசடருக்கு இவனக் கேளு" என்று என் அப்பாதான் சொன்னார். சுவருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. உரசவில்லை.

என்னைவிட ஏழு வயது மூத்தவன். ஆனாலும் நான் "மாரப்பா" என்றும் "நீ" என்றும்தான் கூப்பிட்டேன், அவன் என்னை "ஏனுங்க" என்றான். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அதிகம் பேசமாட்டான். ரோட்டில் மாடு வந்தால் ஹார்ன் அடிக்கமாட்டான், நின்று, அது போனபின் போவான். பின்னாலிருந்து நான் கத்துவேன். "போயிருமுங்க" என்பான். என் மகள் மோகனப்பிரியா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். கார் கிளம்பினாலே அவளுக்குக் குமட்டும். வெள்ளிக்கிழமைதோறும் அவளைக் கூட்டிவரப் போகும்போது முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பான். பல்லடம் ரோட்டில் எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் மேடு என்று அவனுக்கு மனப்பாடம். கடைசி இரண்டு வருடம் அவள் காரில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

என் அப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது உயிர் இல்லை. காரிலேயே கொண்டுவந்தோம், என் மடியில் தலை. இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டில் ஜனம் காத்திருக்கிறதே என்று அப்போதும் நான் எரிந்து விழுந்தேன். மாரப்பன் திரும்பாமலே, "பெரியவங்களுக்குக் குலுங்கக்கூடாதுங்க" என்றான். அப்பாவின் தலை என் மடியில் அசையாமல் இருந்தது. அப்படி ஓட்டிவந்த மாரப்பனைப் பற்றித்தான் நான் பிறகு சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன்.

1998 தை மாதம் அம்பாசடரைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு டர்போ டீசல் வண்டி எடுத்தேன். வெள்ளை நிறம், உயரமான வண்டி, ஏழு பேர் உட்காரலாம். டர்போ என்று பின்னால் சிவப்பில் எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. மச்சான் வீட்டில் இல்லாத ஒன்று என்பது மட்டும் தெரியும், அது போதும் என்று வாங்கினேன்.

அந்த வண்டியில் வேகம் காட்டும் மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டர் இருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. ஒன்று என்றால் ஆயிரம், இரண்டு என்றால் இரண்டாயிரம், அப்படி ஐந்து வரை. எங்கள் மில்லில் அப்பா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று முப்பது வருடம் ஓடியது. ஓட்டத்தைக் குறைத்து வைத்தே அப்பா அதைக் காப்பாற்றினார். வேகமாக ஓடும் எதுவும் சீக்கிரம் தேயும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். ஆகையால் முதல் நாளே பின்சீட்டிலிருந்து எட்டி அந்த மீட்டரைத் தொட்டுக் காட்டினேன்.

"மாரப்பா, இந்த முள்ளு ஒன்றரையத் தாண்டக்கூடாது. தாண்டுனா இஞ்சின் தேஞ்சுபோகும். எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

"சத்தியமெல்லாம் எதுக்குங்க. சொன்னாச் சரிங்க" என்றான்.

அவ்வளவுதான். எட்டு மாதம் அந்த முள் ஒன்றரையைத் தாண்டவில்லை.

வண்டியோ எருமை மாதிரி நடந்தது. கியர் மாற்றினால் உதறும். பாலம் ஏறினால் கரும்புகை கக்கும். பெருந்துறை ரோட்டில் ஒரு கறிக்கோழி வேன் எங்களைத் தாண்டிப் போனது. கோழிகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. என் மச்சான் ஒரு கல்யாணத்தில் எல்லார் முன்னாலும், "மாப்பிள, அந்த டர்போங்கறது எறக்கத்துக்கு மட்டும்தானா?" என்று கேட்டான். அன்று நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

வண்டியைக் கோயமுத்தூருக்குச் சர்வீசுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு ஆள் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றான். இரண்டாம் தடவை அனுப்பினேன். வண்டி பறக்கிறது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஓட்டினால் பறக்கிறது, எங்களிடம் வந்தால் படுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் குறை எங்கே? நான் கணக்குப் போட்டேன். குறை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று விடை வந்தது. ஐம்பத்தைந்து வயது. கண் மங்கியிருக்கும். காலில் தெம்பு போயிருக்கும்.

மாரப்பன் என்னிடம் மூன்று முறை சொன்னான். முதல் முறை, சர்வீசிலிருந்து வந்த அன்று. "ஏனுங்க, அந்த ஆளு ஓட்டறப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தனுங்க. முள்ள மூணு வரைக்கும் உட்டானுங்க. அதுக்கப்பறந்தான் வண்டி எடுத்துச்சுங்க." மூன்றா என்று எனக்குப் பகீரென்றது. யாரோ ஒருவன் என் இன்ஜினைத் தேய்த்துவிட்டான் என்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் சண்டை போட்டேன். மாரப்பன் என்ன சொல்ல வந்தான் என்பது காதில் ஏறவே இல்லை.

இரண்டாம் முறை, கோயமுத்தூர் உக்கடத்தில் மெக்கானிக் முஸ்தபா பாயைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பாய் எங்கள் அம்பாசடரைப் பதினைந்து வருடம் பார்த்தவர். "இஞ்சின்லிருந்து வெளிய போற பொகை ஒரு சின்னச் சக்கரத்தச் சுத்துதுங்களாம். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம், அது காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுதுங்களாம். இஞ்சின் மெதுவா ஓடுனா பொகை கம்மி, சக்கரம் சும்மா சுத்துமுங்க, காத்தத் தள்ளாது. முள்ளு ரெண்டுக்குப் பக்கம் போனாத்தான் அது வேலையே செய்யுமுங்களாம்."

"வண்டிக்கு ஓனர் முஸ்தபா பாயா, நானா?" என்றேன்.

"நீங்கதானுங்க."

மூன்றாம் முறை அவன் என்னிடம் சொல்லவில்லை, ராசாத்தாளிடம் சொல்லி என்னிடம் சொல்ல வைத்தான். அவள் சொன்னபோது, அவனுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை, அதனால் கதை கட்டுகிறான் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று ரசத்தில் உப்பில்லை.

ஆவணியில் கிருபாசங்கர் என்று ஒரு பையனைப் புது டிரைவராகப் பேசி வைத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னேன். மாரப்பனை மில்லின் கொப்பரைக் களத்தில் காவலுக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணம். அதை அவனிடம் சொல்லவில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று எனக்குப் பேர். இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் என் தங்கச்சியின் புதுமனை புகுவிழா. அது முடியட்டும் என்று நினைத்தேன்.

எங்களில் புதுவீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்த பிறகுதான் பால் காய்ச்சுவார்கள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அண்ணன் சீர் வரவில்லை என்றால் தங்கச்சி அடுப்புப் பற்ற வைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அரிசி மூட்டை ஒன்று, குத்துவிளக்கு இரண்டு, பித்தளை அண்டா, வாழைத்தார் நான்கு, நூற்றியொரு தேங்காய், நாங்கள் இருவர். விடியும் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அண்டாவைத் துலக்கியது சரியில்லை என்று நான் சண்டை போட்டதில் ஆறு மணி ஆகிவிட்டது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது மணி எட்டே முக்கால்.

ஏற்றத்தில் முள் ஒன்றரையைத் தாண்டாமல் அந்தப் பாரத்தோடு ஏறுவது என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன்தான். மாரப்பன் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் கையை மாற்றிக்கொண்டே இருந்தான். இரண்டாவதில் போட்டால் வண்டி மூச்சுத் திணறியது, முதலாவதில் போட்டால் நடந்துபோகிறவர்கள் எங்களை முந்தினார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவனுக்கு வேர்த்தது.

ஒரு செங்குத்தான வளைவில், மேலேயிருந்து கேரட் மூட்டை ஏற்றிய லாரி இறங்கியது. நாங்கள் நிறுத்தினோம். லாரி போயிற்று. மாரப்பன் திரும்ப எடுத்தான். வண்டி உதறி அணைந்தது. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் அணைந்தது. ஒரு முழம் பின்னால் நகர்ந்தோம். ராசாத்தாள் குத்துவிளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்றாள். பின்னால் பஸ். அதற்கும் பின்னால் நான்கைந்து வண்டிகள். மணி ஒன்பதரை.

எனக்குள் எதுவோ அறுந்தது.

"காலுல தெம்பில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கோணும்! என் தங்கச்சி அங்க வாசல்ல நிக்கறா. நல்லவேளை, நாளையிலிருந்து வேற ஆளு வாரான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ராசாத்தாள் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

மாரப்பன் கைப்பிரேக்கை இன்னும் ஒரு பல் இழுத்துவிட்டான். "தெரியுமுங்க" என்றான். குரலில் ஒன்றுமே இல்லை. பிறகு, "இந்த ஒரு மேட்டுக்கு மட்டும் முள்ள உடட்டுங்களா?" என்றான்.

"நான் சொல்றேன், உடுங்கண்ணா!" என்றாள் ராசாத்தாள்.

அவன் விடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பின்னால் அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்கிறது, இந்த மனிதன் என் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக நிற்கிறான்.

"உடு" என்றேன்.

இன்ஜினை அழுத்தினான். முள் ஒன்றரைக்கு வந்தது, தாண்டியது. முதலில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கைப்பிரேக்கை விட்டான், வண்டி அசைந்தது. முள் ஒன்றேமுக்காலில் இருக்கும்போது முன்னாலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது ஏறிக்கொண்டே போயிற்று. முள் இரண்டைத் தொட்ட இடத்தில் யாரோ பின்னாலிருந்து ஒரு கை கொடுத்துத் தள்ளியது போலிருந்தது. என் முதுகு சீட்டில் அழுந்தியது. இரண்டே காலில் இன்னும் பலம், இரண்டரையில் அதற்கும் மேல். அரிசி மூட்டையும் நூற்றியொரு தேங்காயும் இருப்பதே தெரியாமல் வண்டி அந்த வளைவில் ஏறிற்று. புகையும் இல்லை, உதறலும் இல்லை. இரண்டாவது கியரிலும் முள்ளை இரண்டுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டான். பஸ் எங்கேயோ கீழே நின்றுவிட்டது.

எனக்குத் தெரியாத விஷயமா இது? எங்கள் தோட்டத்துக் கிணறு எண்பது அடி. கரண்டு வருவதற்கு முன்னால் ஆயில் இன்ஜின் வைத்துத்தான் இறைத்தோம். இன்ஜினைக் கிளப்பினதும் தண்ணீர் வந்துவிடுமா? பம்பு சுற்றும், பெல்ட் ஓடும், குழாய் வாயில் ஒரு சொட்டும் இருக்காது. பாதி வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் பாதித் தண்ணீர் வராது, தண்ணீரே வராது, நடுக்குழாயில் தொங்கிக்கொண்டு நிற்கும். வேகத்தைக் கூட்டக் கூட்டத்தான் மேலே ஏறும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் குபுகுபுவென்று கொட்டும். அதற்குமேல் கொஞ்சம் வேகம் கூட்டினாலே தண்ணீர் ரொம்பக் கூடும். பத்து வயதில் நானே அந்த இன்ஜினின் வேகத்தைத் திருகிவிட்டுக் குழாய் வாயில் தலையைக் கொடுத்துக் குளித்திருக்கிறேன். தண்ணீருக்குத் தெரிந்த நியாயம் காற்றுக்கு இருக்காதா? பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று எட்டு மாதமாக ஒரு மனிதனைத் திட்டியிருக்கிறேன்.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி நான் நினைத்தபடியே வாசலில் நின்றிருந்தாள். சீர் இறங்கியது, பால் பொங்கியது, எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் கை வைக்க முடியவில்லை. எழுந்து வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். மாரப்பன் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று சக்கரத்தில் இருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாரப்பா, எங்கிட்ட இன்னும் அடிச்சுச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"மூணு தரம் சொன்னனுங்க."

"செரி, நான் வண்டில இல்லாதப்பவாவது முள்ள உட்டு ஓட்டியிருக்கலாமுல்ல? நானா பாக்கப்போறேன்?"

அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "நீங்க இல்லாட்டி என்னங்க. நான்தான் வண்டில இருக்கறனுங்களே."

"கிருபாசங்கர் வாரது உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தம்பியே ஊட்டுக்கு வந்துச்சுங்க. வண்டி எப்படி, மொதலாளி எப்படின்னு கேட்டுச்சு. சொல்லியனுப்புனனுங்க."

"என்னன்னு?"

"முள்ளு ஒன்றரையத் தாண்டக்கூடாது, தாண்டுனா அவங்களுக்குப் புடிக்காதுன்னு."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நாற்பத்தெட்டு வயது ஆள், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஊரான் மலையில் ஒரு மரத்தடியில் நின்று அழுதேன். அவன் பதறிப்போய், "அட, உடுங்க, உடுங்க. ஆராச்சும் பாக்கப்போறாங்க" என்றான்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் மாரப்பா. மன்னிச்சுக்கோங்க." அந்த 'ங்க' என் வாயில் தானாக வந்தது. "நாளைக்கு அவன் வர வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்களே ஓட்டுங்க. முள்ள எங்க வேணா உடுங்க."

தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார், நாளை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது என்றான். குழந்தைகள் இருபத்தியொரு பேர், ஆற்றங்கரை ஊர்களிலிருந்து.

"நான் அவுங்ககிட்டப் பேசறேன். எனக்குத் தெரிஞ்சவங்கதான். நான் சொன்னா உட்டுருவாங்க."

"உட்டுருவாங்க. ஆனா நான் வாரேன்னு சொல்லிப்போட்டனுங்களே."

எனக்குப் பழைய கோபம் தலைதூக்கியது. பத்தொன்பது வருடம் பெரிதா, நேற்றுச் சொன்ன ஒரு சொல் பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. முள்ளைத் தாண்ட விடமாட்டேன் என்று எனக்குச் சொன்ன அதே மனிதன்தான் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்காரருக்கும் சொல்லியிருக்கிறான். ஒன்று வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

"சாப்டீங்களா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதை ராசாத்தாள்தான் கேட்பாள்.

"இனிமேத்தானுங்க."

உள்ளே கூட்டிப்போய் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மச்சான் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். மாரப்பன் இரண்டு தடவை பாயாசம் வாங்கினான். அவனுக்குப் பாயாசம் பிடிக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மலையெங்கும் மஞ்சு இறங்கியிருந்தது. இறக்கத்தில் வண்டியைக் கியரிலேயே பிடித்துப் பிடித்து இறக்கினான். ஒரு வளைவில் மாட்டு மந்தை குறுக்கே வந்தது, நிறுத்தி, கடைசிக் கன்று போகும்வரை நின்றான். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தோம். அவிநாசி தாண்டியபோது ராசாத்தாள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மெதுவாகப் போ, வேகமாகப் போ, அந்தப் பக்கம் ஒடி, ஹார்ன் அடி என்று எதுவுமே நான் சொல்லவில்லை. மாரப்பன் ஓட்டிய வண்டியில் நான் வாயைத் திறக்காமல் வந்தது அந்த ஒரு நாள்தான், அதுதான் கடைசி நாளும்.